சட்டத்தைக் கையில் எடுக்கும் நாயகர்களும் நாங்களும்

போன மாதம் ஒரு காலை நிகழ்ச்சியில் நேயர்களிடம் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டேன். "படத்துல யாரு யாரைப் பழிவாங்குனப்போ நீங்க எழுந்து நின்னு கைதட்டுனீங்க?" இரண்டு பாட்டுக்கு நடுவில் பத்து நிமிடம் ஓட்டுவதற்காகப் போட்ட கேள்விதான். அன்றைக்கு நான் வைத்திருந்த பாட்டுகளில் பாதியை ஒலிபரப்ப முடியவில்லை. தொலைபேசி விளக்கு அணையவே இல்லை.

'இந்தியன்' தாத்தா என்றார்கள். 'அந்நியன்' என்றார்கள். கோலக்கெட்டிலிலிருந்து ஒரு அண்ணன் 'நான் சிகப்பு மனிதன்' கதையை ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கி, விளம்பரம் வந்ததால்தான் நிறுத்தினார். பிள்ளைகள் 'மகாராஜா' என்றார்கள். கடைசியாக ஓர் அம்மா வந்தார். சுங்கை லாலாங் பக்கம். படத்தின் பெயரை அவர் சொல்லவே இல்லை.

"தம்பி, எங்க வீட்டுல நகை போயி 4 வருசம் ஆச்சு. ரிப்போர்ட் செஞ்சேன். ஒரு கடிதாசி வந்துச்சு, மேல் நடவடிக்கை இல்லைன்னு. அவ்வளவுதான். படத்துல அவன் போட்டு அடிக்கிறப்ப, என் வீட்டுக்கு வந்தவன அடிக்கிற மாதிரி இருக்கும். அன்னிக்கு ராத்திரி மட்டும் நல்லாத் தூங்குவேன்."

நான் ஏதோ ஆறுதலாகச் சொல்லிவிட்டு அடுத்த பாட்டைப் போட்டேன். அந்த 'அன்னிக்கு ராத்திரி மட்டும்' என்ற சொல் அப்படியே மனத்தில் தங்கிவிட்டது. அதற்குக் காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

முதலில் இந்தப் படங்கள் எங்கிருந்து வந்தன என்று பார்ப்போம். பல்கலைக்கழகத்தில் ஊடகவியல் படித்தபோது இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன், மதிப்பெண் சுமார்தான். அமெரிக்காவில் பிரையன் கார்ஃபீல்ட் என்ற எழுத்தாளர். ஒரு நாள் அவருடைய காரின் துணிக் கூரையை யாரோ கத்தியால் கிழித்துவிட்டார்கள். செய்தவன் கையில் கிடைத்தால் கொன்றுவிடுவேன் என்று அவருக்கு வந்த கோபம்தான் 1972இல் 'டெத் விஷ்' என்ற நாவலானது. 1974இல் சார்லஸ் பிரான்சன் நடிக்க அது படமாக வந்தது. மனைவியைக் கொன்று மகளைச் சீரழித்தவர்கள் கிடைக்கவில்லை. ஆகவே அந்தச் சாதுவான மனிதர் ராத்திரியில் துப்பாக்கியோடு தெருவில் இறங்கி, வழிப்பறிக்காரர்களாகத் தேடிப் பார்த்துச் சுடுகிறார். அரங்கத்தில் கைதட்டல். கார்ஃபீல்டுக்கு அந்தக் கைதட்டல் பிடிக்கவில்லை. இப்படி இறங்குகிறவன் தானும் கெட்டுப்போவான் என்று எழுதியவர் அவர். 'டெத் சென்டென்ஸ்' என்று அடுத்த நாவலையே அதற்குப் பதிலாக எழுதினார். யார் படித்தார்கள்? பிரான்சன் படம்தான் அடுத்தடுத்த பாகமாக வந்துகொண்டிருந்தது.

அந்தப் படத்தின் நிழல் இந்தியில் 'ஆஜ் கி ஆவாஸ்' ஆகி, 1985இல் தமிழுக்கு வந்தது. எஸ்.ஏ.சந்திரசேகர் இயக்கம், ரஜினிகாந்த் கல்லூரிப் பேராசிரியர். அதுதான் 'நான் சிகப்பு மனிதன்'. சந்திரசேகர் அதற்கு முன்பே, 1981இல், விஜயகாந்தை வைத்து 'சட்டம் ஒரு இருட்டறை' எடுத்துவிட்டார். அந்தத் தலைப்பே ஒரு கட்சிக் கொள்கை மாதிரி இருக்கும். அவரிடம் உதவி இயக்குநராக வேலை செய்தவர் ஷங்கர். அவர்தான் 1993இல் 'ஜென்டில்மேன்', 1996இல் 'இந்தியன்', 2005இல் 'அந்நியன்' கொடுத்தார். நடுவில் 2002இல் முருகதாஸின் 'ரமணா'. ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போன கோப்பு மாதிரி, ஒரே கோபம் 20 வருடம் கைமாறி வந்திருக்கிறது.

இந்தப் பட்டியலைப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தோன்றும். கோபப்படுகிறவர்கள் எல்லாம் படித்தவர்கள். பேராசிரியர், மறுபடியும் பேராசிரியர், வக்கீல். தோட்டத்தில் வேலை செய்கிறவன் கோபப்பட்டால் அவன் ரவுடி. பேராசிரியர் கோபப்பட்டால் அது சமூகச் சிந்தனை. 2024இல் 'மகாராஜா' வந்தபோதுதான் முடிதிருத்தும் ஒருவருக்கு அந்த இடம் கிடைத்தது. அதுவும் அவர் காவல் நிலையத்துக்குப் போய், வீட்டில் இருந்த குப்பைத்தொட்டியைக் காணோம் என்று புகார் கொடுக்கிறார். சிரித்து அனுப்பப் பார்க்கிறார்கள். நாமும் சிரித்தோம். படம் முடியும்போது அந்தச் சிரிப்பு நமக்கே தொண்டையில் சிக்கிக்கொள்கிறது. படம் பார்க்காதவர்களுக்காக இதோடு நிறுத்திக்கொள்கிறேன். அந்த வீட்டுப் பெண்பிள்ளை, தன்னைக் கெடுத்தவனைத் தானே நேரில் பார்க்க வேண்டும் என்று கேட்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். மற்றப் படங்களில் தங்கைக்கும் மனைவிக்கும் அப்படிக் கேட்க வாய்ப்பே கிடையாது. இடைவேளைக்குள் அவர்கள் செத்தாக வேண்டும். அப்போதுதான் அண்ணன் துப்பாக்கி எடுக்க முடியும்.

இனி நம் ஊர்.

நான் செமிலிங்கில் பிறந்து வளர்ந்தவன். தெரியாதவர்களுக்கு: சுங்கைப் பட்டாணிக்கும் மெர்போக்குக்கும் இடையில் கண்ணை மூடித் திறந்தால் தாண்டிப் போய்விடும் ஊர். பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்குப் போகிற பேருந்துகள் எங்களைத் தாண்டித்தான் போகும். அப்பா பால் மரம் சீவியவர். பிறகு மரமெல்லாம் வெட்டிச் செம்பனை வைத்தபோது தொழிற்சாலைக்குப் போனார். 1996இல் நான் 8 வயதுப் பையன். 'இந்தியன்' படத்தை வீடியோ நாடாவில் பார்த்தோம். நாடா வாடகைக்கு எடுத்தவர் ஒருவர், பார்த்தவர்கள் 30 பேர். லஞ்சம் கொடுக்க மறுத்ததால் மகளைத் தீக்காயத்தோடு இழந்த சேனாபதி, கடைசியில் பெற்ற மகனையே விடவில்லை அல்லவா? எங்கள் பாட்டி, "மனுசன்னா இவன்தான்" என்றார். அந்தப் பாட்டி கோழி அறுப்பதைக்கூடப் பார்க்கமாட்டார்.

2005இல் நான் படிவம் ஐந்து. எஸ்.பி.எம். வருடம். 'அந்நியன்' பார்க்க எட்டுப் பேர் பேருந்து பிடித்துச் சுங்கைப் பட்டாணிக்குப் போனோம். விபத்தில் கிடந்தவரைக் காரில் ஏற்ற மறுத்தவனை எருமைகள் மிதிக்கின்றன. ரயிலில் கெட்ட சாப்பாடு போட்டவன் எண்ணெயில் வேகிறான். மட்டமான பிரேக் கம்பி செய்தவனுக்கு அட்டைப்பூச்சி. கருட புராணம் என்று ஒன்று இருப்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். திரும்பி வரும்போது பேருந்தில், யார் யாருக்கு என்ன தண்டனை என்று பிரித்துக்கொண்டோம். கணக்கு ஆசிரியருக்கு எண்ணெய் கிடைத்தது.

இரண்டு, மூன்று வாரம் கழித்து எங்கள் வரிசையில் ஒருவருடைய மோட்டார் காணாமல் போனது. பழைய ஹோண்டா கப். அவர் அதை வைத்துத்தான் வேலைக்குப் போவார். பெண்டாட்டி வாசலில் உட்கார்ந்து அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது. ரிப்போர்ட் செய்து என்ன வரப்போகிறது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். ராத்திரி 9 மணி இருக்கும், பந்துத் திடல் ஓரமாக ஒரு பையன் நடந்து வந்தான். எங்கள் ஊர் முகம் இல்லை. வயது 19, 20.

"டேய், இவன நேத்து கடப் பக்கம் பாத்தேன்டா. மோட்டார்கிட்டதான் நின்னான்."

இதைச் சொன்னவன் நான்.

நான் சொன்னது பொய் இல்லை. அவன் முந்தின நாள் கடைப் பக்கம் நின்றான். கடைக்கு வெளியே மோட்டார்களும் நின்றன. ஆனால் நான் பார்த்தது அவ்வளவுதான். சொல்லி முடிப்பதற்குள் அது சாட்சியாகி, தீர்ப்பாகி, தண்டனையாகியும் விட்டது. ஒன்பது பேர். நான் அடிக்கவில்லை. டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் அடிக்கவில்லை என்பதைப் பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால், வெளிச்சம் காட்டியவன் நான்தான்.

அவன் எதையோ சொல்ல முயன்றான், அத்தை என்றான், யாரும் கேட்கவில்லை. ஒருவன், இன்று அவன் மூன்று பிள்ளைகளுக்கு அப்பா, குரலை மாற்றி அந்நியன் மாதிரியே பேசிக்கொண்டு அடித்தான். சிலர் சிரித்தார்கள். கடைசியில் பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா தலைவிரிகோலமாக ஓடி வந்து, "என் அண்ணன் மவன்டா, என் அண்ணன் மவன்டா" என்று அவன்மேல் விழுந்தார். ஒரு வாரமாக அவர் வீட்டில் தங்கி வேலை தேடிக்கொண்டிருந்த பையன். அந்த ராத்திரியே அவனைக் கூட்டிப் போய்விட்டார்கள். வாயிலிருந்து ரத்தம் வந்தது. யாரும் ரிப்போர்ட் செய்யவில்லை. நாங்கள் செய்யவில்லை, அவர்களும் செய்யவில்லை.

மறுநாள் மத்தியானம் மோட்டார் வந்துவிட்டது. உரிமையாளரின் மச்சான் குடித்துவிட்டுச் சொல்லாமல் எடுத்துப் போய், பீடோங்கில் ஒரு நண்பர் வீட்டில் வைத்திருந்தாராம். எல்லாரும் அவரைத் திட்டினார்கள். அதோடு விஷயம் முடிந்தது. முந்தின ராத்திரியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இப்போது இந்தப் படங்களைப் பார்க்கும்போது என் கண் கதாநாயகன்மேல் போவதில்லை, கேமராமேல் போகிறது. சேனாபதி தப்பான ஆளைக் குத்தமாட்டார். ஏன்? குற்றம் நடந்தபோது கேமரா அங்கே இருந்தது. நாம் பார்த்தோம். யார் கெடுத்தான், யார் லஞ்சம் கேட்டான் என்பதில் நமக்குத் துளி சந்தேகம் இல்லை. நீதிமன்றம் மாதக்கணக்கில் சாட்சி விசாரித்துத் தேடுகிற ஒன்றை, இயக்குநர் முதல் அரை மணி நேரத்தில் இலவசமாகக் கொடுத்துவிடுகிறார். அதற்குப் பிறகு வக்கீல் எதற்கு, நீதிபதி எதற்கு என்றுதான் தோன்றும். எங்கள் பந்துத் திடலில் கேமரா இல்லை. அதற்குப் பதிலாக நான் இருந்தேன்.

இந்த இடத்தை நேராகத் தொட்ட ஒரு படம் 2024இல் வந்தது. அதிலும் ரஜினிதான். 'வேட்டையன்'. 'ஜெய் பீம்' எடுத்த ஞானவேலின் படம். ஆசிரியை ஒருவர் கொடூரமாகக் கொல்லப்படுகிறார். ஊரே கொதிக்கிறது, ரஜினி ஒருவனைச் சுட்டுத் தள்ளுகிறார், வழக்கம்போல் கைதட்டினோம். பிறகு அவன் குற்றவாளியே இல்லை என்று தெரிகிறது. 1985இல் எந்த நாயகன் சுட்டபோது விசில் அடித்தார்களோ, அதே நாயகன் 39 வருடம் கழித்துத் தப்பான ஆளைச் சுட்டுவிட்டு நிற்கிறார். அரங்கத்தில் என் பக்கத்தில் இருந்தவர் "என்னங்க படம் இறங்கிப்போச்சு" என்றார். எனக்கு அங்கேதான் படம் ஏறியது.

கதை என்று தள்ளிவிடவும் முடியாது. 2019 டிசம்பர் 6ஆம் தேதி ஹைதராபாத் அருகே, கால்நடை மருத்துவப் பெண் ஒருவரைச் சீரழித்துக் கொன்றதாகப் பிடிபட்ட நான்கு பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. மக்கள் போலீஸ்மீது பூத் தூவினார்கள். இனிப்புக் கொடுத்தார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த விசாரணை ஆணையத்தின் அறிக்கை 2022இல் வெளியானது. கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டார்கள், நால்வரில் மூவர் 18 வயது ஆகாதவர்கள் என்றது. பூத் தூவிய அளவுக்கு அந்த அறிக்கையை யாரும் படித்த மாதிரித் தெரியவில்லை.

நம் நாட்டுத் தணிக்கைக்கு வேறொரு வழி உண்டு. 2016இல் 'கபாலி' வந்தபோது ஞாபகம் இருக்கிறதா? இந்தியாவில் கடைசிக் காட்சியில் திரை இருண்டு ஒரு துப்பாக்கிச் சத்தம் மட்டும் கேட்டு முடிந்தது. இங்கே கபாலி போலீசிடம் சரணடைந்தார் என்று எழுத்துப் போட்டு முடித்தார்கள். சுங்கைப் பட்டாணி அரங்கத்தில் அந்த எழுத்து வந்ததும் ஒரே சிரிப்பு. இரண்டரை மணி நேரம் இத்தனை பேரைச் சாய்த்தவர் நேராக நிலையத்துக்குப் போய் வரிசையில் நிற்பாராம். நானும் சிரித்தேன். வானொலியில்கூட அதைக் கிண்டல் செய்தேன். ஒரு வரி எழுத்து எதையும் மாற்றாது என்று இன்றும் நினைக்கிறேன். அதே நேரம், 2015இல் நம் சஞ்ஜை குமார் பெருமாள் எடுத்த 'ஜகாட்' படத்தில் அந்த எழுத்துக்குத் தேவையே இருக்கவில்லை. தோட்டம் கலைந்து ஊருக்கு வெளியே ஒதுங்கிய குடும்பம், அடிதடிக் கூட்டத்தில் சித்தப்பா, அதைப் பார்த்து வளரும் பையன் அப்போய். அந்தச் சித்தப்பாவைப் பார்த்து யாருக்கும் கைதட்டத் தோன்றாது. நம் வீட்டு ஆள் மாதிரி இருப்பார், வயிறு கலங்கும்.

அந்தச் சுங்கை லாலாங் அம்மாவின் கோபம் பொய் என்று நான் சொல்லவரவில்லை. அதற்கு நம் பக்கத்தில் பழைய வேர் உண்டு. ஜப்பான்காரன் போன பிறகு, 1946, 47 காலத்தில், பீடோங் ஹார்வர்டு தோட்டத்தில் ஏ.எம்.சாமி என்பவர் தொண்டர் படை அமைத்தார். செமிலிங்கிலிருந்து சைக்கிளில் போகிற தூரம்தான். தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பது அவர்களுடைய பெரிய கோரிக்கை. கூலியில் பாதி அங்கேதான் கரைந்தது. கடையோ உரிமம் பெற்ற கடை. சட்டம் கடையின் பக்கம், போலீஸ் சட்டத்தின் பக்கம். பிறகு பெண்டாட்டி பிள்ளைகள் யாரிடம் போய் முறையிடுவது? இளைஞர்கள் அணிவகுத்தார்கள். மறியல் செய்தார்கள். குடித்துவிட்டு வந்தவர்களுக்குத் தாங்களே தண்டனையும் கொடுத்தார்கள். 1947 பிப்ரவரி கடைசியில் பீடோங்கில் கள்ளுக்கடை மறியல் போலீசோடு மோதலாகி ஒரு தொழிலாளி இறந்தார். தொடர்ந்து கைதுகள், சிறை. படையை ஒடுக்கிவிட்டார்கள்.

என் தாத்தா அந்தப் படையைப் பற்றிப் பேசினால் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார். அவருடைய அண்ணன் ஒருவர் அதில் இருந்தாராம். ஆனால் பாட்டி, அதே 'இந்தியன்' பாட்டி, ஒரு முறை வேறு மாதிரிச் சொன்னார். படையிடம் அடி வாங்கிய ஒருவர் பாட்டிக்குச் சொந்தம். அன்றைக்கு அவர் குடிக்கவே இல்லை, காய்ச்சலில் தள்ளாடி வந்தார் என்றார் பாட்டி. உண்மை எது என்று இனிக் கேட்க ஆள் இல்லை. தொண்டர் படையையும் எங்கள் டார்ச் லைட் கூட்டத்தையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வராது. அவர்கள் ஒரு வெள்ளைக்கார அரசாங்கத்தை எதிர்த்து நின்றார்கள். நாங்கள் வேலை தேடி வந்த பையனை எதிர்த்து நின்றோம்.

அந்த அம்மா பேசிய வாரக் கடைசியில் ஊருக்குப் போனேன். பின்வரிசை அத்தை இன்னும் இருக்கிறார், கண்தான் சரியாகத் தெரியவில்லை. அவருடைய அண்ணன் மகன் எங்கே என்று கேட்டேன். குரூணில் டயர்க் கடை வைத்திருக்கிறான் என்றார். ஏன் கேட்கிறேன் என்று அவர் கேட்கவில்லை.

ஞாயிறு காலை போனேன். பெரிய கடை இல்லை, ஒரு லாட்டு, வேலைக்கு ஒரு பையன். முகத்தை எனக்கு அடையாளம் தெரியவில்லை. ராத்திரியில், டார்ச் வெளிச்சத்தில் பார்த்த முகம்தானே. பெயரைச் சொன்னதும், "அட, ரேடியோ தம்பியா? கடையில உங்க சத்தம்தான் ஓடும்" என்று சிரித்தார். பக்கத்து ஒட்டுக்கடையில் உட்கார வைத்து தே தாரேக் சொன்னார்.

"அண்ணே, நான் செமிலிங். 2005ல அந்தப் பந்துத் திடல்ல..."

சிரிப்பு நின்றது. கிளாசைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் உங்களைக் காட்டிக்கொடுத்தேன். லைட் புடிச்சதும் நான்தான்."

ரொம்ப நேரம் அவர் பேசவில்லை. லாரி ஒன்று வந்து கடை வாசலில் நின்றது. பையனைக் கைகாட்டிப் பார்க்கச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஒன்னு கேக்கணும் தம்பி. அந்த மோட்டார் கடைசியில கெடைச்சிச்சா?" என்றார்.

யாரும் அவரிடம் சொல்லவே இல்லை. இத்தனை வருடமும்.

"மறுநாளே கெடைச்சிருச்சுண்ணே. அவரு மச்சான் எடுத்துட்டுப் போயிருந்தாரு."

"ம்" என்றார். தே தாரேக்கைக் குடித்து முடித்தார். எழுந்து, இரண்டு கிளாசுக்கும் அவரே காசு கொடுத்துவிட்டு லாரிப் பக்கம் போனார்.